கல்லில் வெட்டுவதற்கு முன் கேட்ட பெயர்கள்

போன மாதம் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பிள்ளைகள். பணியில் இறந்த வீரர்களுக்காகத் தேசிய நினைவிடம் ஒன்று எழுப்பப்போகிறார்களாம். அதில் வெட்டவேண்டிய பெயர்களைச் சரிபார்க்கும் வேலை இவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. "நீங்க அந்தக் காலத்துல இதே வேலை பார்த்தீங்களாமே மேடம், எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். குடும்பத்துக்குத் தபாலில் ஒரு கடிதம் போகும். பெயரில் பிழை இருந்தால் அவர்கள் எழுதி அனுப்பவேண்டும். பதில் வராவிட்டால் பெயர் சரி என்று எடுத்துக்கொள்ளப்படும் என்றார்கள்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபி கொடுத்து அனுப்பினேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. குழம்பைக் கிளறும்போது, ஜெபத்தில் முழங்கால் போட்டிருக்கும்போதுகூட 'பதில் வராவிட்டால் சரி' என்ற பேச்சு காதில் வந்து குடைகிறது. அவர்களிடம் நேரில் சொல்லப்போனால் வார்த்தை தடித்துவிடும். என் வாய் அப்படி. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் அரக்கோணத்துக்காரி. அப்பா எஞ்சின் ஷெட்டில் பிட்டர். மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, தட்டெழுத்தும் கற்றுக்கொண்டு, கல்யாணப் பேச்சு வரும் முன்னே இரண்டாவது உலகச் சண்டை வந்ததால் வேலைக்குப் போனவள். சண்டைக் காலம் முழுவதும் ரேஷன் அலுவலகத்தில் சர்க்கரை கேட்டவர்களோடு மல்லுக்கட்டினேன். சண்டை முடிந்ததும் ரேஷனில் ஆள் குறைத்தார்கள். அப்போதுதான், பர்மாவில் உடல் கிடைக்காமல் போன சிப்பாய்களின் பெயர்களை வெட்டி அங்கேயே ஒரு பெரிய நினைவுச் சின்னம் கட்டப்போகிறார்கள், அதற்கு வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்க ஆள் வேண்டும் என்று ஒரு தற்காலிக அலுவலகம் அரக்கோணத்தில் திறந்தார்கள். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை. ஆண் குமாஸ்தாக்கள் காக்கிப் பையோடு ஊருக்குள் நுழைந்தால் போலீஸ் என்று நினைத்து ஜனங்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினார்களாம். பெண்பிள்ளை போனால் ஓட மாட்டார்கள் என்று என்னை எடுத்தார்கள். என்னைக் கண்டு யாரும் ஓடவில்லை. எல்லா ஊரிலும் "டீச்சரம்மா" என்று கூப்பிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள், அவ்வளவுதான் தொல்லை.

என் மேலதிகாரி சுபேதார் ரங்கையா. சித்தூர்ப் பக்கத்து மனிதர். அப்போது திருத்தணியும் சித்தூர் ஜில்லாவில்தானே இருந்தது, அதனால் எங்கள் எல்லைக்கு அவரைப் போட்டிருந்தார்கள். முதல் உலகச் சண்டையில் மெசபடோமியா போய் வந்தவர். கோபித்துக்கொள்ளவே தெரியாது. நாம் எழுதிக் கொடுத்த அறிக்கையில் பிழை இருந்தால், அந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தித் திருப்பி அனுப்புவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். அந்தக் குண்டூசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். நான்கு திட்டு திட்டினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இதுவோ வயிற்றில் குத்தினாற்போல இருக்கும்.

அவர் வைத்த முறை இது. ஊருக்குப் போனதும் கிராம முன்சீப்பைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். வீட்டார் சொல்லாமல் உட்காரக் கூடாது. துக்கம் விசாரித்து முடிக்கும்வரை பையைத் திறக்கக் கூடாது. பிறகு வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, இறந்தவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், படையில் பதவி எல்லாவற்றையும் நிறுத்தி வாசிக்கவேண்டும். வீட்டில் மூத்தவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். தலையாட்டினால் கணக்கில்லை. அதன்பிறகுதான் கட்டைவிரல் ரேகை.

"தெருவுல நின்னு கத்தணுமாய்யா? ஏலம் போடற மாதிரி இருக்கே" என்று நான் முதல் வாரமே கேட்டேன்.

"வூட்டுக்குள்ள கேட்டா பயத்துல எதுக்கும் ஆமான்னுடுவாங்க, எஸ்தரம்மா. தெருவுல நாலு பேர் காதுல வுழுந்தா தப்பு தானா வெளிய வரும். கல்லுக்கு ரப்பர் கிடையாது" என்றார்.

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். மெசபடோமியாவில் அவருடைய கம்பெனியில் செத்தவர்களுக்கும் கல் வைத்தார்களாம். வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் வெட்டினார்கள். நம் சிப்பாய்களுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். "என் பக்கத்துல படுத்துகினு இருந்தவன் அந்த எண்ணிக்கைல எங்க கீறான்னு எனக்கே தெரியாது" என்றார். அதற்குப் பிறகு நான் தெருவில் கத்துவதைப் பற்றி எதிர்த்துப் பேசியதில்லை.

வேலை அமைதியான வேலை இல்லை. மணவூரில் ஒரு கிழவர், எங்கள் சபைக்காரர், மகன் பெயரை அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன்கீழ் ஒரு வேத வசனம் வெட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சுவரில் பெயருக்கு மட்டும்தான் இடம் என்றேன். "வசனம் போட இடமில்லாத சுவரை எதுக்கும்மா கட்டறாங்க?" என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டு, போகும்போது கை நிறைய வேர்க்கடலை கொடுத்தனுப்பினார். நாடு சுதந்திரமடைந்த பிறகு இன்னொரு தொல்லை. திருத்தணி கடைத்தெருவில் கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் வழிமறித்து, "வெள்ளைக்காரன் சண்டையில செத்தவனுக்கு நம்ம ஜனங்க எதுக்கு அழணும்?" என்று கேட்டார். அதுவும் உறுத்திக்கொண்டே இருந்தது. சுபேதாரிடம் சொன்னேன். "யாருக்காகச் செத்தான்றத உசிரோட இருக்கறவங்க சண்டை போட்டுத் தீர்க்கட்டும். செத்தவன் யாருன்னு மட்டும் நாம சரியா எழுதுவோம்" என்று சொல்லிவிட்டு, கிரீடம் அச்சடித்த பழைய காகிதத்தில் கிரீடத்தைக் கோடு போட்டு அடித்து எழுத ஆரம்பித்தார். புதுக் காகிதம் அப்போது வந்திருக்கவில்லை.

இனி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுப் போனால் அந்தச் சின்ன ஊர். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னும் அங்கே பயிர் வைக்கிறார்கள். என் கையிலிருந்த பெயர் சிப்பாய் தணிகாசலம். பர்மாவில் ஆற்றைக் கடக்கும்போது போனவர், உடல் கிடைக்கவில்லை. வாரிசாகக் குறித்திருந்தது தாய் கன்னியம்மா மட்டும். தகப்பன் எப்போதோ இறந்துவிட்டார். முன்சீப்பைக் கூப்பிட்டால் பல்வலி, தலைவலி என்று வர மறுத்தார். இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

கன்னியம்மா உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள். மகனைப் பற்றிக் கேட்டால் "போய்ட்டான்மா" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்த அம்மாளின் கண் மட்டும் வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போய்ப் போய் வந்தது. நான் எழுந்து வாசலில் நின்று உரக்க வாசித்தேன்.

"சிப்பாய் தணிகாசலம்!"

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆங்! தோ வந்துகினே இருக்கேன்."

தலையில் வைக்கோல் கட்டோடு ஒரு ஆள் வந்து நின்றான். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. காகிதத்தோடு நின்ற என்னைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், கட்டைக் கீழே போட்டான். முன்சீப் மெதுவாகச் செருப்பை மாட்டப் பார்த்தார். நான் போய்ச் செருப்பின்மேல் நின்றுகொண்டேன்.

"யாரு இது?"

கன்னியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இவன்தாம்மா தணிகாசலம். மூத்தவன். போனவன் சின்னவன், முனிரத்தினம். நான்தான் அனுப்பிச்சேன். நான்தான் பாவி."

நடந்தது இதுதான். படைக்கு ஆள் எடுக்க வந்தவர்களிடம் மூத்தவன் போய், உடம்பைக் காட்டி, பெயர் கொடுத்து வந்திருந்தான். ரயிலேற ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாள் வரும்போது அவனுக்கு அம்மை வார்த்துவிட்டது. அம்மை வார்த்த வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது. அது நோய் இல்லை, அம்மன் வந்திருக்கிறாள். அதோடு, சுகாதார இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே தனிக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. குறித்த நாளில் ஆள் போகாவிட்டால் தேடிக்கொண்டு போலீஸ் வரும், போலீஸ் வந்தால் வேப்பிலையைப் பார்த்துவிடும். அதனால் தாய் சின்னவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்: "ஸ்டேஷனாண்ட போ. அண்ணன் பேரைக் கூப்டா ஆங்னு சொல்லு. அவன் எழுந்து வந்ததும் நீ வந்துடு."

அவன் போனான். பெயரைக் கூப்பிட்டார்கள், ஆங் என்றான். அண்ணன் தம்பி முகஜாடை ஒன்று. வரிசையில் நிற்கவைத்து ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். பிறகு பெங்களூரிலிருந்து யார் மூலமாகவோ சொல்லி அனுப்பினானாம்: சோறு நன்றாக இருக்கிறது, இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், அண்ணன் நிலத்தைப் பார்க்கட்டும் என்று. ஊருக்கே இது தெரியும். ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. மூத்தவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பெரியவன்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அதிகாரமாகக் கூப்பிட்டதில் மனுஷனுக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது.

"இப்ப இன்னா எழுதிகினு போவப்போறே, டீச்சரம்மா?" என்று கன்னியம்மா கேட்டாள். "உசிரோட கீறவன் பேரைக் கல்லுல வெட்டாதேம்மா. கல்லு நட்டா செத்தவனுக்குத்தான் நடுவாங்க. ஒத்தன் போய்ட்டான், இவனையும் அந்தக் கல்லு இஸ்துகினு போய்டும். சின்னவன் பேரை வெட்டு. அங்க யாராச்சும் ஒரு தேங்கா ஒடைச்சா, ஒரு விளக்கு வெச்சா, அது என் சின்னவனுக்குப் போவணும்."

"பெரிய பேச்சு பேசாத!" என்றான் மூத்தவன். "சின்னவன் பேரைச் சொன்னா ஆள்மாறாட்டம்னு என்னைத்தான் புடிச்சி உள்ள போடுவாங்க. உனக்கு வர பென்ஷனையும் நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும்டா. அதைத் துன்னா எனக்கு உடம்புல ஒட்டுது?"

நான் எதையும் எழுதாமல் கிளம்பினேன். ரயிலில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. எனக்கு அந்த முன்சீப்பின்மேல் கோபம், படையில் ஆள் எடுத்தவன்மேல் கோபம், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுத அந்த அம்மாளின்மேலும் கோபம். மறுநாள் பெயர் இல்லாத காகிதத்தை வைத்தேன். சுபேதார் அந்த வெற்றிடத்தில் குண்டூசியைக் குத்தினார். நான் அதைப் பிடுங்கி மேசைமேல் போட்டேன்.

"குத்தாதீங்கய்யா. என்ன பண்றதுன்னு சொல்லுங்க. காகிதத்துல இருக்கற பேரையே வெட்டிட்டா யாருக்கு என்ன நஷ்டம்? இந்த ஊர்ல இருந்து யார் பர்மா போய்ப் பாக்கப்போறாங்க?"

முழுவதும் கேட்டார். "ஒத்தன் செத்தும் பேரில்லே. இன்னொருத்தன் பேரிருந்தும் உசிரில்லே, சர்க்கார் காகிதத்துல அவன் பிணம். நாளைக்கு அவன் நிலம் எழுதணும்னா எந்தப் பேர்ல எழுதுவான்? நாம சும்மா வுட்டா ரெண்டு பேரையும் கொன்னமாதிரி" என்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

வழி ஒன்று இருந்தது. முதல் நாள் உடம்பைக் காட்டியவன் மூத்தவன். ஆகவே படைப் பதிவில் இருந்த அங்க அடையாளம் அவனுடையது: இடது விலாவில் மாடு முட்டிய தழும்பு. அவன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, சாட்சிகள் முன்னால் சட்டையைக் கழற்றி, நான்தான் தணிகாசலம் என்று சொன்னால், செத்தவன் வேறொருவன் என்று எழுதலாம். ஆனால் வருகிறவன் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கிறான். சுபேதார் நேரில் என்னோடு அந்த ஊருக்கு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"நான் உள்ளதை எழுதுவேன். அதை வெச்சிகினு மேல இருக்கறவங்க இன்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். வரதும் வராததும் உன் இஷ்டம், நைனா."

பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல நைனா என்றதும் மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்து வந்த சந்தை நாளுக்கு அவன் வருவான் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒவ்வொரு வண்டி வரும்போதும் நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். தட்டச்சில் ஒரே வரியை இரண்டு தடவை அடித்தேன். வீட்டில் அம்மா, "யாரையாவது காதலிக்கிறியாடி?" என்று கேட்டுவிட்டாள். சிரிக்கக்கூட வரவில்லை. பெயர்களை மேலே அனுப்பவேண்டிய தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. சுபேதாரோ ஒன்றும் நடக்காததுபோலத் தன் பட்டாளத்துப் பிரம்புக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டத்தில் திருத்தணி வண்டிகள் பிதுங்கின. கிருத்திகை முடிந்து திரும்புகிற கூட்டம் அரக்கோணத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, மொட்டைத்தலையில் சந்தனத்தோடு ஒரு ஆள் எங்கள் வாசலில் வந்து நின்றான். பின்னால் கன்னியம்மா.

"மலைக்குப் போய்ட்டு வந்தேன்யா. மலைமேல கீறவன்கிட்ட சொல்லிட்டேன். இனிமே போலீஸ்கிட்டயும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்கும் முன்பே சட்டையைக் கழற்றினான்.

தழும்பு பதிவில் சொன்ன இடத்தில் இருந்தது. சுபேதார் அதை விரலால் தொட்டுப் பார்த்து, சட்டையை எடுத்து அவனிடம் கொடுத்து, அன்றைக்குத்தான் முதல்தடவையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒருவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். அவன் சொன்னதை நான் எழுதினேன்.

மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை பென்ஷனை நிறுத்திவைத்தார்கள். போலீஸ் யாரும் வரவில்லை. பிறகு பதில் வந்தது. சண்டை முடிந்துவிட்டது, மூத்தவன்மேல் நடவடிக்கை வேண்டாம். பென்ஷன் தாய்க்குத் தொடரும். கல்லில் முனிரத்தினம் என்றே வெட்டலாம். அதைப் படித்துவிட்டு நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். சுபேதார், நான் படிக்காமல் விட்ட கடைசி வரியில் குண்டூசியைக் குத்தினார். படையில் வழங்கிய பெயரும் பக்கத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கூட இருந்தவர்கள் வந்து பார்த்தால் அடையாளம் தெரியாது. முனிரத்தினம், தணிகாசலம் என்ற பெயரில் பணிபுரிந்தவர் என்று வெட்டப்படும். குடும்பத்துக்குச் சம்மதமில்லையென்றால் இரண்டு பெயரும் வெட்டாமல் விடப்படும்.

மாட்டுவண்டியில் போகும்போது, இதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். எதற்காக அத்தனை அவமானத்தையும் தாங்கினாளோ அதுவே இப்போது பாதிதான் கிடைக்கிறது. முன்சீப் இந்தத் தடவை கூப்பிடாமலே வந்தார். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தேன். முனிரத்தினம் என்ற பெயரைக் கேட்டதும் கன்னியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"வேணாம். மூத்தவன் பேரு அதுல வேணாம். வெட்டவே வேணாம், வுட்டுடு. எனக்கு இவனாச்சும் இருக்கட்டும்."

ஒரு தாய் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் பெயரைக் கைவிடுகிறாள். விதியைச் சொல்லி வாதாட எனக்கு மனசு வரவில்லை. காகிதத்தை மடித்தேன்.

"மடிக்காதீங்க டீச்சரம்மா" என்றான் மூத்தவன். தாயின் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அம்மா, அவன் என் பேரைச் சொமந்துகினு போய் ஆத்துல வுழுந்தான். நான் இங்க வேப்பிலைமேல படுத்துகினு இருந்தேன். அந்தத் தேசத்துல அவனுக்கு யாரைத் தெரியும்? என் பேராச்சும் அவனாண்ட நிக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆவாது. அப்படியே ஆனாலும் ஆவட்டும்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டுல யார் பேரு முன்னால வரும்?"

"சின்னவர் பேரும்மா."

"மூத்தவன் இருக்கசொல்ல சின்னவன் முன்னாலயா?" என்றாள். பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "ஆங். அன்னிக்கும் அவன்தானே முன்னால போனான்."

முனிரத்தினம், தணிகாசலம் என்று தெருவுக்கே கேட்கும்படி தன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டு, கட்டைவிரலை நீட்டினாள்.